கை தவறியது யாருடைய ரகசியம்?

சர்வர்களைப் பராமரிக்கும் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான தலைவிதி உண்டு: எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் அவர்கள் இருப்பதே ஒருவருக்கும் நினைவிராது, ஒரு கட்டளையைத் தவறான இயந்திரத்தில் தட்டிவிட்ட இரவிலோ, அதுவரை முகமறியாத அந்த மனிதரை ஸ்தாபனம் முழுவதும் தேடும். அப்படி நேர்ந்த பிழையைத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாய் திறவாமல் பொறுத்துக்கொண்டுவிடலாமா, அல்லது அலுவலகத்தின் மதிலுக்கு வெளியே, அதே தொழிலைச் செய்யும் அந்நியர்களும் அறியும்படி எடுத்துச் சொல்லுதல் கடமையா என்பது, மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்குத் தொழில் நாகரிகத்தைப் பற்றிய சிறு விவகாரமாகத் தோன்றினாலும், உண்மையில் நீதியைப் பற்றிய கேள்வியே.

2017-ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லாப் என்னும் தளத்தில் நிகழ்ந்தது இந்த விசாரணைக்குத் தக்க உதாரணம். பிரதான தரவுத்தளத்தை உடனுக்குடன் நகலெடுத்துவந்த துணைச் சர்வர் பின்தங்கிப்போக, அதைச் சீர்படுத்த இரவு நெடுநேரம் போராடிய பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரின் கோப்புறையை அழிப்பதாக எண்ணிக்கொண்டு பிரதான சர்வரின் கோப்புறையையே அழிக்கக் கட்டளையிட்டார். ஓரிரு விநாடிகளில் பிழையை உணர்ந்து நிறுத்திவிட்டார். ஆயினும் ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சியது. பேக்கப்பைத் தேடப்போன இடத்தில்தான் பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்னும் மென்பொருளின் 9.6-ஆம் பதிப்பில் ஓட, பிரதி எடுக்கும் கருவியோ 9.2-ஆம் பதிப்பைச் சேர்ந்ததாக இருந்தமையால், நாள்தோறும் எடுக்கப்பட்டதாக எல்லோரும் நம்பியிருந்த பிரதி எடுக்கப்படவே இல்லை. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும், முறையாகக் கையொப்பமிடப்படாதவை என்று நிராகரிக்கப்பட்டு, ஒருவர் கண்ணிலும் படவில்லை. வேறொரு சோதனைக்காக அதே பொறியாளர் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்திருந்த நகல் ஒன்றே கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரத்தில் பதிவானவை, ஏறக்குறைய 5,000 புராஜெக்ட்டுகளையும் 5,000 கருத்துரைகளையும் 700 புதிய கணக்குகளையும் சேர்ந்தவை, திரும்பவில்லை.

பின்னர் அந்த நிறுவனம் நடந்துகொண்ட முறையே சிந்தனைக்கு உரியது. மீட்புப் பணி நடந்துகொண்டிருக்கும்போதே ஊழியர்களின் குறிப்பேட்டை யாவரும் படிக்கத் திறந்துவைத்தது. பணியையே யூடியூபில் நேரலையாகக் காட்டியது. பிப்ரவரி 10 அன்று வெளியிட்ட அறிக்கையில், பிரதிகளைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. கட்டளையிட்டவரை மட்டும் ‘குழு உறுப்பினர் 1’ என்று குறித்து நிறுத்திக்கொண்டது. இதில் விளம்பர நோக்கமும் கலந்திருக்கும் என்பாருண்டு. கலந்திருந்தால்தான் என்ன? தர்மம் செய்பவன் புகழையும் விரும்பினான் என்பதற்காக உண்டவன் பசி தீராமற்போவதில்லை.

பெயரை மறைப்பது பாதி உண்மையை மறைப்பதாகாதா என்ற ஆட்சேபம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் வேறோர் ஊரில் வேறொரு சர்வரைக் காத்துநிற்பவருக்கு அந்தப் பெயரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. தம் பேக்கப் கருவியின் பதிப்பு சரிதானா, எச்சரிக்கை அஞ்சல் வந்துசேர்கிறதா என்று பார்க்கத் தூண்டும் காரண ஞானமே அவருக்குப் பயன்படும். அதே ஆண்டு பிப்ரவரி 28 அன்று, அமேசானின் எஸ்3 என்னும் தரவுச் சேமிப்புச் சேவையில், கட்டளை ஒன்று பிழையாக இடப்பட்டதால் எண்ணியதைவிட அதிகமான சர்வர்கள் விலக்கப்பட்டுச் சேவை மணிக்கணக்கில் தடைப்பட்டபோது, அந்நிறுவனம் ஊழியரைக் கடிந்துகொள்ளாமல், அவ்வளவு சர்வர்களை அவ்வளவு விரைவில் விலக்க இடங்கொடுத்த கருவியையே குறைகூறித் திருத்தியதும் இந்த நியாயத்தை ஒட்டியதே. ஆனால் ஒன்று: தட்டிய கைக்குக் கொடுக்கும் இந்த அடைக்கலத்தை, சோதனைக்கு ஆளும் அவகாசமும் ஒதுக்க மறுத்த மேலதிகாரிகளும் பங்குபோட்டுக்கொள்ள வருவார்கள். அவர்களுக்கு அதில் பாத்தியதை இல்லை.

வீட்டு விவகாரம் வீட்டோடு இருக்கட்டும் என்று வாதிப்பவர்கள் விமானத் துறையின் ஒரு துயரத்தை எண்ணிப்பார்க்க வேண்டும். 1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டனை நெருங்கிய டி.டபிள்யூ.ஏ. 514 விமானம், இறங்க அளித்த அனுமதியைத் தவறாகப் பொருள்கொண்டதால் வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதி, 92 பேர் மாண்டனர். அதற்குச் சுமார் ஆறு வாரங்களுக்கு முன், யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே குழப்பத்தால் அதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. அந்த எச்சரிக்கை மற்ற நிறுவனங்களின் விமானிகளை எட்டவில்லை. இந்த அனுபவத்திற்குப் பிறகே, 1976-இல், தண்டிக்கும் அதிகாரம் இல்லாத நாசாவிடம் விமானிகள் தம் பிழைகளை எழுதி அனுப்பவும், பெயரை நீக்கி அவை யாவருக்கும் பயன்படவும் ஒரு முறை ஏற்பட்டது. சர்வரில் செய்த பிழையால் மலையில் மோதுவோர் இல்லைதான். ஆனால் மருத்துவமனைகளும் வங்கிகளும் அந்த இயந்திரங்களின் மீதே நிற்கும் காலத்தில் இந்த வேறுபாடு சுருங்கிக்கொண்டே வருகிறது.

சொல்வதிலும் ஒரு வகை உண்டு. தேநீர் வேளையில் சகாக்களைச் சிரிக்கவைக்கச் சொல்லப்படும் சாகசக் கதையில் அழிந்த கோப்பும், விடிய விடிய விழித்த வீரமும் இருக்கும்; தம் உழைப்பை இழந்த பயனர் இருக்கமாட்டார். அக்கதைகளையும் வெறுத்து ஒதுக்குவதற்கில்லை, புதிதாக வேலைக்கு வந்த இளைஞர் பலர் அவற்றைக் கேட்டே எச்சரிக்கை கற்கிறார்கள். ஆயினும் இழந்தவருக்கு எந்தெந்த மணி நேரத்துப் பதிவுகள் போயின என்று சொல்லாத வரையில், சொன்னவர் தம் கடனைத் தீர்த்தவராகமாட்டார்.

அடைபடாத பாதுகாப்பு ஓட்டையை ஊரறியச் சொல்வதும், வாடிக்கையாளரின் அந்தரங்கத்தை உதாரணமாக எடுத்துவைப்பதும் கூடாது என்பதில் விவாதமே இல்லை. கடினமானது, ஒப்பந்தக் கூலியில் வேலைபார்க்கும் நிர்வாகியின் நிலை: பிழையை ஒப்புக்கொண்ட மறுநாள் சீட்டுக் கிழியும் என்று அறிந்தவர் மௌனமாக இருந்தால், அதைக் கோழைத்தனம் என்று தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை, முதலில் தன் பெயரில் பிழையை ஏற்று அவருடைய ஜீவனத்துக்கு உத்தரவாதம் அளிக்கும் நிறுவனத்துக்கே உண்டு. அந்த உத்தரவாதத்தை எழுத்தில் கொடுக்காமலே, நடந்ததை விவரித்து அறிக்கை தரும்படி அவரைக் கேட்கும் அதிகாரிகள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.