மரம் வைத்தவன் கடப்பாடு

இயற்கையைப் பேணுவதற்கென ஊர்தோறும் தோன்றியுள்ள தொண்டர் குழுக்கள் இன்று நம் நாட்டின் சமூக வாழ்விலே ஓர் அங்கமாகிவிட்டன. யூன் 5ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினம் வரும்போதும், கண்டற் சூழலைப் பேணுவதற்கென 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ வகுத்த யூலை 26ஆம் திகதி வரும்போதும், கடலோரங்களில் ஆசிரியரும் மாணவரும் திரள்வதைக் காண்கிறோம். சேற்றில் இறங்கி நாற்று நடுகிறார்கள். கரையிற் கிடக்கும் பிளாஸ்திக் கழிவைப் பொறுக்கிச் சாக்குகளில் நிரப்புகிறார்கள். கூலி பெறாது செய்யப்படும் இவ்வுழைப்பைக் குறித்து இருவேறு தீர்ப்புகள் நம்மிடையே வழங்குகின்றன. ஒரு சாரார் இதனைத் தன்னலமற்ற அறச்செயல் எனப் போற்றுவர். மற்றொரு சாரார், மத்தியதர வர்க்கத்தினரின் விடுமுறைநாட் பொழுதுபோக்கு என எள்ளி ஒதுக்குவர்.

இவ்விரு தீர்ப்புகளும் முரண்பட்டவை போலத் தோன்றினும் ஒரு குறை இரண்டிற்கும் பொதுவானது. இரண்டும் தொண்டனின் மனத்தையே ஆராய்கின்றன. நடப்பட்ட நாற்றுக்கு ஓராண்டு கழித்து நேர்ந்தது யாது என்று எவரும் கேட்பதில்லை. அவ்வினாவிலிருந்து தொடங்குவோமாயின் தொண்டின் அறம் பற்றிய ஆராய்ச்சி வேறு வழியிற் செல்லும் என நாம் கருதுகிறோம்.

அவ்வினாவுக்கு நம் நாட்டிலேயே விடை உண்டு. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கையின் கரையோரங்களிற் கண்டல் நடும் முயற்சிகள் பெருகின. அரச நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் பாடசாலைகளும் அதில் ஈடுபட்டன. அம்முயற்சிகளின் பயனை அளந்த விஞ்ஞான ஆய்வொன்று 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 23 இடங்களில் 67 தடவைகளாக நடைபெற்ற நடுகைகளை அது ஆராய்ந்தது. நடுகைக்கு உட்பட்ட பரப்பு ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டெயர். கண்டல் நிலைபெற்ற பரப்போ 200 முதல் 220 ஹெக்டெயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு நாற்றேனும் உயிருடன் இருக்கவில்லை. கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்றிடங்களில் மாத்திரமே பாதிக்கு மேற்பட்டவை பிழைத்திருந்தன.

இத்தோல்விக்குக் காரணம் தொண்டர்களிடம் அன்பு குறைந்தமையா? அன்று. காரணங்கள் மண்ணிலும் நீரிலும் உள்ளன. கண்டல் கடலுக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட விளிம்பில் வாழ்வது. பெருக்கின்போது நீர் ஏறவும் வற்றின்போது வேர் மூச்சுவிடவும் ஏற்ற மட்டத்திலேயே அது நிலைபெறும். நம் கரைகளிற் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவாதலின், அத்தகைய விளிம்பு நம் நாட்டில் மிக ஒடுங்கியது. சற்றுத் தாழ்வாக நட்டால் நாற்று நீரில் மூழ்கி அழுகும். சற்று மேட்டில் நட்டால் கோடையில் மண்ணின் உப்பு ஏறிக் கருகும். மேலும், கண்டல் இனங்களுட் சிலவற்றின் வித்து தாய்மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போல நீண்டு தொங்குவது. அதனைப் பறித்துச் சேற்றிற் குத்திவிடுதல் எவர்க்கும் எளிது. எளிதாகையால் அதுவே எங்கும் நடப்படுகிறது; கண்ணா வளரவேண்டிய இடத்திலும் அதுவே குத்தப்படுகிறது. நட்டபின் வேலி இல்லை, மாடு மேய்கிறது, குப்பை வந்து சுற்றுகிறது, செத்த நாற்றை எண்ணுவாரும் இல்லை. நாற்றுகள் பிழைப்பதற்கும் பிந்திய பராமரிப்புக்கும் நெருங்கிய தொடர்புண்டு என்பதே அவ்வாய்வின் தலையாய முடிவுகளுள் ஒன்று.

‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்பது நம் மக்கள் வாயில் வழங்கும் பழமொழி. துன்பம் வந்துற்றபோது, நம்மைப் படைத்தவன் நம்மைக் காப்பான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளவே இது பெரும்பாலும் பயன்படுகிறது. ஆயினும் இப்பழமொழி எதன்மேல் நிற்கிறது என்பதை நோக்குக. மரத்தை வைத்தவன் அதனைக் கைவிடமாட்டான் என்பது உழவனின் உலகிலே ஐயத்துக்கு இடமற்ற உண்மையாக இருந்தமையாலன்றோ, இறைவனின் கருணைக்கே அஃது உவமையாயிற்று? வைப்பதும் ஊற்றுவதும் அவ்வுழவனுக்கு ஒரே செயலின் இரு முனைகள். அவற்றைத் துண்டித்து, வைத்தலை விழாவாகவும் ஊற்றுதலை எவருடையதோ வேலையாகவும் ஆக்கியது நம் காலமே.

இதற்கு விடையாக இன்னொரு பழமொழியைச் சிலர் எடுத்துக் காட்டக்கூடும். தானங் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பர். தொண்டன் தன் ஓய்வு நாளைத் தானமாகத் தருகிறான். கூலிக்கு வந்தவனிடம் கணக்குக் கேட்கலாம், விரும்பி வந்தவனிடம் கேட்கலாமா? வாரம் முழுவதும் வகுப்பறையில் உழைத்த ஆசிரியனை, மாதந்தோறும் வந்து நாற்றெண்ணுக எனப் பணிப்பது நியாயமா? இவ்வினா அற்பமானதன்று. இதற்கு விடை காணாமல் எவரையும் குறை கூற நமக்கு உரிமையில்லை.

ஈண்டு நாம் கவனிக்கவேண்டியது, ‘தானம்’ என்னும் சொல்லையே. தானத்தில் அளவையும் காலத்தையும் முடிவையும் தீர்மானிப்பவன் கொடுப்பவன். கொடுத்த அளவிலே அவன் செயல் நிறைவு பெறுகிறது; புண்ணியமும் அப்போதே அவனைச் சேர்கிறது. கடப்பாடு அத்தகையதன்று. அதன் அளவைத் தீர்மானிப்பது எதிரே நிற்கும் தேவை. அத்தேவை தீரும்வரை கடப்பாடும் தீராது. திருக்குறளிலே ஒப்புரவறிதலும் ஈகையும் அடுத்தடுத்து நிற்பினும் வெவ்வேறு அதிகாரங்களாகவே வகுக்கப்பட்டுள்ளன. இல்லாதவனுக்கு இருப்பவன் தருவது ஈகை. சமுதாயத்தோடு சேர்ந்து வாழ்பவன் அச்சமுதாயத்துக்கு ஆற்றவேண்டியது ஒப்புரவு. இயற்கையைப் பேணும் தொண்டு ஈகையின் பாற்பட்டதா, ஒப்புரவின் பாற்பட்டதா என்பதே நம்முன் உள்ள வினா.

ஒப்புரவின் பாற்பட்டதே என்பது நம் முடிபு. ஏனெனில் கடனீரேரி நம்மிடம் இரந்து நிற்கும் ஏழையன்று. நாமே அதனிடம் பெற்றுக்கொண்டிருப்பவர்கள். நாம் உண்ணும் மீனும் நண்டும் இறாலும் குஞ்சாக இருந்தபோது ஒதுங்கியது கண்டல் வேரின் இடுக்குகளில். கரையை அரிப்பினின்று காப்பதில் அவ்வேருக்கும் பங்குண்டு. நெய்தல் பாடிய சங்கப் புலவர்கள் கண்டலைக் கடலோரச் சிற்றூர்களின் வேலியாகவே கண்டனர். வேலியின் பயனை நுகர்ந்தவன் வேலியைச் செப்பனிடுவது தானமாகுமா? அன்றியும், பொருந்தாத இடத்தில் நடுதல் வெறும் பயனற்ற செயலன்று, தீங்கும் ஆகலாம். வெறுஞ்சேறு என நாம் எண்ணும் தரை, கரையோரப் பறவைகள் இரை தேடும் இடமாகவும், வலை இழுக்கும் தொழிலாளியின் களமாகவும் இருத்தல் கூடும். பிறர் நிலத்திற் செய்த செயலுக்குக் கணக்குக் கேட்பது, தானத்தைப் பழிப்பதாகாது.

மாணவர் உழைப்பைத் தானமாக வழங்கும் மரபு நம் நாட்டிற்குப் புதியதன்று. 1958ஆம் ஆண்டு கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவருடன், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனதொலுவ என்னும் கிராமத்திற்குச் சென்றார். சிரமதானம் என்னும் சொல் நாடெங்கும் பரவுவதற்கு அம்முயற்சி வித்திட்டது. அதன் சிறப்பு, நகரத்துப் பிள்ளைகள் கிராமத்து மக்களோடு ஒருங்கு வாழ்ந்து உழைத்தமையில் இருந்தது. காலப்போக்கில் அச்சொல் பாடசாலை வளவைக் கூட்டும் அரைநாள் வேலைக்கும் பெயராகிவிட்டது. சிரமம் குறைந்து தானம் மட்டும் எஞ்சியது எனலாம்.

கடப்பாடு என்று கொள்வோமாயின், உடனே எழும் அடுத்த வினா யாரோடு சேர்ந்து அதனை ஆற்றுவது என்பதாகும். தொண்டர் குழுக்களிடையே ஓர் எண்ணம் பரவலாக உண்டு. கண்டலின் கொப்பை வெட்டும் ஏழை மீனவனே கண்டலின் பகைவன் என்பதே அது. நீர்கொழும்புக் களப்பின் வரலாறு இவ்வெண்ணத்தைத் தகர்க்கிறது. அங்குள்ள மீனவர் கண்டற் கொப்புகளைக் களப்பின் நீரில் நெருக்கமாக ஊன்றி, மீன்கள் வந்து தங்கும் புதராக்கி, பின் வலையால் வளைத்துப் பிடிக்கும் முறையொன்றை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். அத்தொழிலுக்கு ஆண்டாண்டு கொப்பு வேண்டும். ஆகவே அவர்களுட் பலர் தாமே கண்டலை நட்டு வளர்க்கின்றனர். வெட்டுகின்ற கையே நடுகின்ற கையாகவும் இருக்கிறது. எந்த மட்டத்தில் எம்மரம் பிழைக்கும், எவ்வளவு வெட்டினால் மீண்டும் தளிர்க்கும் என்னும் அறிவு அவர்களின் பிழைப்போடு பிணைந்தது. இத்தகைய மக்களைப் பார்வையாளராக நிறுத்திவிட்டு நடத்தப்படும் இயற்கைப் பாதுகாப்பு, அறிவின்மையும் அநீதியும் ஒருங்கே சேர்ந்ததாகும்.

இனி, கடப்பாடு அனைவர்க்கும் ஒரே அளவினதா என்பதையும் கேட்டாக வேண்டும். புத்தளம் மாவட்டத்தில் 1980களில் இறால் பண்ணைகள் விரைந்து பெருகின. அந்நியச் செலாவணியின் பெயரால் கண்டற்காடுகள் குளங்களாக வெட்டப்பட்டன. 1996ஆம் ஆண்டு வெண்புள்ளி நோய் பரவியபோது தொழில் நிலைகுலைந்தது. கைவிடப்பட்ட குளங்கள் உப்பேறிக் கிடந்தன. இலாபம் சிலருடைய பைகளுக்குச் சென்றது. வெறுநிலம் அனைவர்க்கும் எஞ்சியது. அவ்வெறுநிலத்திற் பள்ளிப் பிள்ளை நடும் நாற்று, இலாபம் பெற்றவனின் கணக்கைத் தீர்த்துவிடுமா?

2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அப்பாற் கடலில் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ என்னும் கொள்கலக் கப்பல் தீப்பற்றி, அடுத்த மாதம் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்திக் மணிகள் சுமார் 1,680 தொன். அவை மேற்குக் கரையெங்கும் பனிபோற் படிந்தன. இளைஞர் பலர் அரிதட்டுகளோடு கடற்கரையில் அமர்ந்து மணலைச் சலித்தனர். ஒரு கப்பல் சில நாட்களிற் கொட்டியதைக் கைகளாற் பொறுக்கி முடிப்பது எக்காலம்? இக்காட்சியைக் கண்டு, தொண்டு என்பது குற்றவாளியின் சுமையைக் குற்றமற்றவன் தலையில் ஏற்றும் தந்திரமே என முடிவு கட்டும் தோழர்கள் உளர். அவர்தம் சினம் நேர்மையானது. முடிவு மட்டும் அவசரமானது.

ஏனெனில் அவ்விடத்தில் அரிதட்டு மட்டும் இயங்கவில்லை. சூழல் அமைப்பினரும் மீனவர் பிரதிநிதிகளும் கத்தோலிக்கப் பேராயரும் உயர் நீதிமன்றத்தை நாடினர். 2025ஆம் ஆண்டு யூலை மாதம் அந்நீதிமன்றம், கப்பற் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பும் தொகையும் ஒருபுறமிருக்க, இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. கரையில் நடப்பவனே கரைக்கு நேர்ந்ததை அறிவான். மணலைச் சலித்த கை, சலித்ததை நிறுத்து எழுதியும் வைக்குமாயின் அது சாட்சியாகிறது. உழைப்பு சாட்சியத்தோடு சேரும்போது தொண்டு, அதிகாரத்தை நோக்கி எழும் கேள்வியாக வளர்கிறது. எழுதாமலும் கேளாமலும் பொறுக்கிக்கொண்டே இருப்பது குற்றவாளிக்குத் துணைபோவதாகும். பொறுக்காமற் கேள்வி மட்டும் கேட்பது கரையைக் கைவிடுவதாகும்.

ஆசிரியரும் மாணவருமாகிய நம் வாசகருக்கு இவ்வாராய்ச்சியின் பயன் யாது? ஆயிரம் நாற்று நடும் விழாவினும் ஐம்பது நாற்றை ஐந்தாண்டு காப்பது மேலானது. அது தனியொருவர் தோளில் ஏற்றப்படவேண்டியதுமன்று. வகுப்பு மாறினும் பாடசாலை மாறுவதில்லை. ஒரு வகுப்பு நட்டதை அடுத்த வகுப்பு எண்ணலாம். கடப்பாட்டைக் குழு ஏற்கும்போது தனிமனிதனின் ஓய்வு நாள் பறிபோகாமலே தேவை நிறைவேறும். நடுவதற்கு முன் அக்கரையில் தொழில் செய்வோரைக் கேட்கவேண்டும். சிலவிடங்களில் நடவே வேண்டியதில்லை. அடைபட்ட நீரோட்டத்தைத் திறந்துவிட்டால், மிதந்துவரும் வித்துகள் தாமே வேரூன்றும். அத்தகைய இடத்தில், நடாமல் மண்வெட்டியோடு வாய்க்கால் வெட்டுவதே தொண்டு. அனைத்துக்கும் மேலாக, செத்த நாற்றுகளின் தொகையை மறைக்காது வெளியிடும் துணிவு வேண்டும். விஞ்ஞானம் கற்பிப்போர் பிள்ளைகளுக்கு இதனினும் சிறந்த பாடத்தைக் கற்பிக்க இயலாது.

நட்ட நாளிற் படமெடுக்க எல்லோரும் வருவர். நட்டது பூத்து, தன் வித்தைத் தானே சேற்றில் இறக்கும் நாள்வரை கணக்கெழுதுபவனே மரம் வைத்தவன்.