இரவின் பங்கு

ஒரு வேலை நடக்க வேண்டுமென்றால் அதன்மேல் யாருடைய கையாவது இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை நம் காலத்தில் ஆழமாக வேரூன்றிவிட்டது. விழித்திருப்பவர்தான் உழைப்பவர், நள்ளிரவிலும் பதில் அனுப்புபவர்தான் பொறுப்பானவர். உறக்கம் என்பது உழைத்து முடித்தபின் கிடைக்கும் கூலி. அந்தக் கூலியையும் குறைத்துக்கொள்பவருக்குத் தனி மரியாதை. இந்தக் கணக்கு சரிதானா என்ற கேள்வி எனக்குள் நெடுநாளாக உண்டு. அதை விடாமல் யோசிக்க வைத்தது நான் வீட்டில் சுடும் விதை ரொட்டி.

கடையில் வாங்கும் பிரட்டின் இனிப்பு அதில் இல்லை. மூன்று பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு கோதுமை மாவு என்று மொத்தம் 400 கிராம் எடுத்துக்கொள்வேன். உப்பு 8 கிராம். உலர்ந்த ஈஸ்ட் கால் தேக்கரண்டி. சித்திரை, வைகாசி என்றால் அதில் பாதி. எள், ஆளி விதை, சூரியகாந்தி விதை, பூசணி விதை எல்லாம் சேர்த்து ஒரு பெரிய கைப்பிடி. கொஞ்சம் கருஞ்சீரகம், ஒன்றிரண்டாக இடித்த மிளகு. விதைகளை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, வெந்நீரில் ஊறப் போட்டுவிட வேண்டும். வறண்ட விதை மாவில் விழுந்தால் மாவுக்கு வேண்டிய ஈரத்தைத் தானே குடித்துவிடும். ஊறிய ஆளி விதையோ வழவழவென்று ஒரு பசையை விடும். சுட்டபின் ரொட்டி சீக்கிரம் உலராமல் காப்பதில் அந்தப் பசைக்கும் பங்குண்டு. பிறகு 300 மில்லி தண்ணீர் ஊற்றி, உலர்ந்த மாவு எங்கும் தெரியாதபடி கையால் கலந்தால் போதும். பிசைய வேண்டாம். மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போகலாம்.

கலந்து முடித்த நேரத்தில் அந்த மாவைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வராது. கட்டி கட்டியாக, பிசுபிசுப்பாக, இழுத்தால் அறுந்து போகும். காலையில் மூடியைத் திறந்தால் அதுவே மெத்தென்று எழும்பி, மேலெல்லாம் குமிழிகளோடு, இழுத்தால் மெல்லிய துணிபோல் விரிகிறது. இடையில் எந்தக் கையும் அதைத் தொடவில்லை.

நடந்தது என்ன என்பது தெரிந்த விஷயம்தான். கோதுமையில் குளூட்டெனின், கிளயடின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. ஈரம் பட்டதும் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு குளூட்டன் என்ற வலையாகின்றன. பிசைவது அந்தக் கோர்வையை விரைவுபடுத்தும் வழி. நேரம் கிடைத்தால் புரதங்கள் தாமாகவே கோத்துக்கொள்ளும். ஈஸ்ட் விடும் வாயுவின் குமிழிகள் மெல்ல மெல்லப் பெருத்து அந்த வலையை இழுத்து ஒழுங்குபடுத்தும். மாவிலேயே உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்து ஈஸ்டுக்கு இரை தரும். விதைகளும் தவிடும் தங்கள் இரும்பையும் துத்தநாகத்தையும் ஃபைட்டிக் அமிலத்தில் பூட்டி வைத்திருக்கின்றன. நீண்ட புளிப்பில் கோதுமையின் இன்னொரு நொதி அந்தப் பூட்டைக் கொஞ்சம் தளர்த்துகிறது. ரொட்டியின் மணத்துக்கான அமிலங்களும் இந்த நீண்ட நேரத்தில்தான் சேர்கின்றன. இட்லி மாவை ராத்திரியில் பொங்க விடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது அன்னியமான அறிவில்லை.

இந்த முறையை உலகமெங்கும் கொண்டு சேர்த்தவர் நியூயார்க்கில் சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரியை நடத்திய ஜிம் லேஹி. 2006 நவம்பரில் மார்க் பிட்மன் அதை நியூயார்க் டைம்ஸில் எழுதினார். கால் தேக்கரண்டி ஈஸ்ட், 12 முதல் 18 மணி நேரம் ஓய்வு, மூடியுள்ள கனத்த பாத்திரம்: இவ்வளவுதான் சாரம். பிசையத் தெரியாது என்று ஒதுங்கி நின்ற பலர் அதைப் படித்துவிட்டு ரொட்டி சுடத் தொடங்கினார்கள்.

சும்மா விட்டுவிடுவதுதான் ரகசியம் என்று இதிலிருந்து யாராவது முடிவுகட்டினால், அவர்களுக்கு ரொட்டி வராது. இரவு தன் வேலையைச் செய்வதற்குப் பகலில் நாம் அளந்து வைக்க வேண்டியவை பல. லேஹியின் 18 மணி நேரம் குளிர்ந்த ஊரின் சமையலறைக்கு உரியது. சென்னையின் 30 டிகிரியில் அதே ஈஸ்ட் எட்டு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் தின்று தீர்த்து, மாவைத் தளர வைத்துவிடும். அதனால் ஈஸ்டைக் குறைக்க வேண்டும், ஐஸ் தண்ணீர் ஊற்ற வேண்டும், அல்லது சற்றுப் பொங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். 4 டிகிரியில் ஈஸ்ட் ஏறக்குறைய அடங்கிவிடும். நொதிகளின் வேலை மட்டும் மெல்லத் தொடரும். உப்பு சுவைக்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. அது ஈஸ்டின் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது, குளூட்டனை இறுக்குகிறது. உப்பு மறந்த மாவு கட்டுப்பாடில்லாமல் பொங்கி அமுங்கிப் போகும். ஒன்றைத் தன்போக்கில் விடுவதற்கு முன்னால் அதன் இயல்பையும், அன்றைய வெப்பத்தையும், தேவையான கட்டுப்பாட்டையும் அறிந்திருக்க வேண்டும். அறிந்தவருக்குத்தான் நிம்மதியாகத் தூங்க உரிமை உண்டு.

காலை வேலை குறைவு. மாவை மடித்து உருட்டி, மேலே எள்ளைத் தூவி, ஒரு மணி நேரம் போல வைத்து, 230 டிகிரியில் காய்ந்த இரும்புச் சட்டியில் இறக்கி மூடிவிட வேண்டும். மூடிக்குள் மாவின் நீராவியே சூழ்ந்துகொள்வதால் மேல்தோல் உடனே இறுகாது. உள்ளே விரிய இடம் கிடைக்கும். அரை மணி கழித்து மூடியை எடுத்தால் தோல் சிவந்து மொறுமொறுப்பாகும். ஆறும்வரை வெட்டக் கூடாது. உள்ளே மாவுச்சத்து அப்போதுதான் இறுகுகிறது.

நான் தூங்கும்போது என் ரொட்டி விளைகிறது. ஆனால் மனித வரலாற்றில் ரொட்டி பெரும்பாலும் யாரோ ஒருவருடைய தூக்கத்தை விலையாகக் கேட்டுத்தான் விளைந்திருக்கிறது. 1862இல் ஹியூ சீமோர் ட்ரெமன்ஹியர் லண்டன் ரொட்டித் தொழிலாளர்களின் நிலை பற்றி பிரிட்டிஷ் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். மார்க்ஸ் தம் 'மூலதனம்' நூலில் அதை எடுத்து ஆண்டிருக்கிறார். அதில் தெரியும் காட்சி இது: இரவு பதினொரு மணிவாக்கில் தொழிலாளி மாவைப் பிசைகிறார். பிறகு அந்த மாவுத்தொட்டியின் மூடிப் பலகை மேலேயே, ஒரு சாக்கை விரித்து இன்னொரு சாக்கைத் தலைக்கு வைத்து, இரண்டு மணி நேரம் படுக்கிறார். பின் எழுந்து மறுநாள்வரை உழைக்கிறார். பலகைக்குக் கீழே மாவுக்குத் தேவையான ஓய்வு கிடைத்தது. பலகைக்கு மேலே படுத்திருந்த மனிதனுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1863இல், பிரிட்டன் ஒரு சட்டம் செய்து, 18 வயதுக்கு உட்பட்டவர்களை இரவு ஒன்பது முதல் காலை ஐந்துவரை ரொட்டிக் கூடங்களில் வேலை வாங்கக் கூடாது என்றது. பெரியவர்களின் இரவைப் பற்றி அது பேசவில்லை.

நியூயார்க் மாநிலம் 1895இல் ரொட்டித் தொழிலாளர்களின் வேலையை நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி என்று வரையறுத்தது. 1905இல் லாக்னர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வரையறையை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் செல்லாததாக்கியது. ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரத்தை அது பறிக்கிறது என்பது நீதிபதிகளின் வாதம். பிரான்ஸ் வேறு வழியில் சென்றது. 1919இல் இரவு பத்து முதல் காலை நான்குவரை ரொட்டி செய்வதைத் தடை செய்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1925இல் ரொட்டிக் கூடங்களின் இரவு வேலைக்கு எதிராகவே தனி உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியது. ஓர் உணவுப்பண்டத்தின் பேரில் உலக அளவில் இரவைக் காக்கும் உடன்படிக்கை தேவைப்பட்டதை நினைக்கும்போதெல்லாம், தொழிலாளிகள் இழந்த தூக்கத்தின் அளவு மனத்தில் கனக்கிறது.

மாவின் இரவையே நீக்கிவிட்டால் மனிதனுக்கு அந்த இரவு திரும்புமா? அதற்கும் ஒரு சோதனை நடந்தது. 1961இல் இங்கிலாந்தின் சோர்லிவுட்டில் இருந்த ஆய்வுக்கூடம் ஒரு முறையைக் கண்டுபிடித்தது. மாவைச் சில நிமிடங்களுக்கு அதிவேகமாக அடித்து, கூடுதல் ஈஸ்டும் கொழுப்பும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்தால், மூன்றரை மணி நேரத்தில் மாவு ரொட்டியாகிவிடும். பிரிட்டனில் விற்கும் ரொட்டியில் பெரும்பகுதி பின்னர் அந்த வழிக்கே மாறியது. ரொட்டி மலிந்தது, ஒரே சீராக வந்தது. அது சிறிய பயனில்லை. ஆனால் மிச்சமான நேரம் தொழிலாளியின் படுக்கைக்குப் போகவில்லை. இரவும் பகலும் ஷிஃப்ட் முறையில் ஓடும் ஆலைகள் வந்தன. வேகம் மிச்சப்படுத்தும் நேரம் ஓய்வாக மாறுவதில்லை. இன்னும் கொஞ்சம் உற்பத்தியாகவே மாறுகிறது. இதை நம் ஒவ்வொருவர் வீட்டிலும் பார்க்கலாம். எத்தனை கருவிகள் வந்தும் யாருடைய மாலைப் பொழுது நீண்டிருக்கிறது?

எங்கள் பகுதியில் ஒரு பேக்கரி மாஸ்டரோடு இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். பன்னும் பிரட்டும் விடியும் முன்னால் கடைகளுக்குப் போயாக வேண்டும் என்பதால் அவருடைய வேலை நடுநிசியில் தொடங்கும். குறைந்த ஈஸ்டில் நீண்ட நேரம் வைத்தால் நல்ல மணம் வரும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அப்படிச் செய்ய வழியில்லை என்றார். "மாவு காத்திருக்கும் சார். காலைல டீக்கடைக்காரர் காத்திருக்க மாட்டார்." அவருடைய குறை தொழில் அறிவில் இல்லை, அவர் மாட்டிக்கொண்டிருக்கும் கால அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணையை எழுதியவர்களில் நானும் உண்டு, விடிந்ததும் புதிய பன் கேட்கும் எல்லோரும் உண்டு.

உறக்கம் வேலையின் எதிர்ப்பக்கம் என்ற எண்ணத்துக்கு எதிராக வலுவான சான்று ஒன்று 1924இலேயே கிடைத்துவிட்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் மாணவர்களைப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். படித்துவிட்டுத் தூங்கியபோது, அதே அளவு நேரம் விழித்திருந்தபோதைவிட அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். உறங்கும் மூளை பகலில் படித்ததை உறுதிப்படுத்துகிறது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் விரிவாகக் காட்டின. கோபத்தில் எழுதிய கடிதத்தை ஓர் இரவு வைத்துவிட்டு அனுப்பு என்று பெரியவர்கள் சொல்வதிலும், பெரிய முடிவுகளை ராத்திரியில் எடுக்காதே என்பதிலும் இதே அறிவு இருக்கிறது. பகலில் நாம் போட்டதை இரவு வேலை செய்து திருப்பித் தருகிறது.

ஆகவே உறக்கத்தை உழைப்புக்குப் பிந்திய சலுகையாக வைக்காமல், உழைப்பின் அளவுகளில் ஒன்றாகவே சேர்க்க வேண்டும் என்பது என் முடிவு. ரொட்டிக்கு 8 கிராம் உப்பு என்று அளப்பதுபோல அதற்கு ஓர் இரவு என்றும் அளக்கிறோம். பள்ளிப் பிள்ளைக்கும் செவிலியருக்கும் லாரி ஓட்டுநருக்கும் அந்த அளவைத் தொடக்கத்திலேயே போட வேண்டும். கடைசியில் மிஞ்சினால் தருவோம் என்றால் அது மிஞ்சப் போவதில்லை. என்னிடம் ஓர் இரவை மாவுக்கு விட்டுவிடும் வசதி இருக்கிறது. அந்த வசதி எல்லோருக்கும் இல்லாதவரை, மெதுவான ரொட்டியின் பெருமையை மட்டும் பேசிக்கொண்டிருப்பது பாதி உண்மைதான்.

மீதிப் பாதிக்கு நாமே செய்யக்கூடியது உண்டு. குளிர்பெட்டியில் மாவை ஓய்வெடுக்க வைக்கும் முறை பேக்கரிகளுக்கும் உரியதே. மாலையில் கலந்து, குளிரில் வைத்து, விடிந்தபின் வந்து சுடலாம். அப்படிச் சுட்டது கடைக்கு வர முற்பகல் ஆகும். அதுவரை நாம் பொறுக்க வேண்டும், அல்லது முந்தின நாள் ரொட்டியை விடியற்காலையில் மனமார வாங்க வேண்டும். நீண்ட புளிப்பில் எழுந்த ரொட்டி, விதைகளின் ஈரத்தோடு, மறுநாளும் நன்றாகவே இருக்கும். விளிம்பைத் தோசைக்கல்லில் சூடுபடுத்தினால் மொறுமொறுப்பும் திரும்பிவிடும். விடியும் முன் சுடச்சுட வேண்டும் என்ற நம் பழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தினால், பேக்கரி முதலாளி வேலை நேரத்தை மாற்றிப் பார்க்கத் துணிவார். நாம் பொறுக்கும் சில மணி நேரம் ஒரு மாஸ்டருக்கு முழு இரவாகும் என்றால், அதைக் கொடுக்கத் தயங்குவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.