பாடசாலை மூடியிருந்த காலமும் மாணவர் மனமும்

பேரழிவுக்குப் பின் பிள்ளைகளின் மனம் தேறுவதற்குப் பாடசாலையைப் போல் உதவும் இடம் வேறில்லை. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் பெரியகல்லாறு இதை அனுபவத்தில் அறிந்த ஊர். 1978 நவம்பர் 23 சூறாவளி, நீண்ட போர், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை என ஒவ்வொன்றின் பின்னும் சனம் கூடி அழுதது, கூடிச் சமைத்தது. பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினர். கொவிட்-19 அடைத்தது அந்த வழியைத்தான். கூடுவதே ஆபத்து என்றானது.

இலங்கையில் 2020 மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. ஜூலையில் படிப்படியாகத் திறந்தவை ஒக்டோபரில் மறுபடி மூடின. 2021 ஏப்ரல் இறுதியில் வந்த மூடல் ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்தது; ஒக்டோபர் 21 அன்றுதான் சிறிய ஆரம்பப் பாடசாலைகள் முதலில் திறந்தன.

உயர்தர மாணவரை அதிகம் வாட்டியது இந்த நிச்சயமின்மை. 2020 ஆகஸ்ட் பரீட்சை செப்டெம்பருக்குத் தள்ளப்பட்டு, பின்னர் ஒக்டோபர் 12 அன்று தொடங்கியது. 2021 ஆகஸ்டில் எழுதவேண்டியதை அடுத்த அணி 2022 பெப்ரவரியில் எழுதியது. இசட் புள்ளியே பல்கலைக்கழக வாசலைத் தீர்மானிக்கும் நாட்டில், பரீட்சை தள்ளிப்போனால் ஓய்வு கிடைப்பதில்லை. படித்ததையே மீண்டும் படிக்கும் சலிப்பும், எப்போது முடியும் என்று தெரியாத பதற்றமும் சேர்ந்தே வரும்.

வீட்டுக்குள் வேறு நெருக்கடிகள். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன் என்றால், யாருடைய சூம் வகுப்பு முதலில் என்பதே தினச் சண்டை. கடலுக்கோ கூலிக்கோ போக முடியாத தகப்பனிடம் டேட்டா போடக் காசு கேட்பது பிள்ளைக்குக் கூச்சம். கேட்காமல் விட்டால் பாடம் போகும். விட்ட பாடம் தாழ்வுணர்ச்சியாகும். மகளுக்கு வீடு கொடுக்கும் மட்டக்களப்பு வழக்கத்தால் அம்மம்மாவும் அம்மப்பாவும் பெரும்பாலும் கூடவோ அருகிலோ இருப்பர். தன்னால் அவர்களுக்கு நோய் தொற்றிவிடுமோ என்ற பயம் பல பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லாதது. தாயோ தகப்பனோ மத்திய கிழக்கில் வேலையில் இருந்த வீடுகளில், விமானங்கள் நின்றதும் காத்திருப்பும் கவலையாயிற்று. செத்தவீட்டுக்கும் கோயில் சடங்குக்கும் ஊர் திரள முடியாததால் துக்கத்தை இறக்கிவைக்கவும் இடமில்லை.

இத்தகைய துயரம் ‘மனம் சரியில்லை’ என்ற சொல்லாய் வருவது அரிது. இரவு விழித்துப் பகலில் உறங்குதல், தலையிடி, வயிற்றுவலி, எரிச்சல், பிடித்த விளையாட்டிலும் நாட்டமின்மை, நண்பரின் அழைப்பை எடுக்காமை என்று வரும். பெரியவர்கள் இதைச் சோம்பல் என்றோ போன் பைத்தியம் என்றோ கடிந்துகொண்டால், பிள்ளை மேலும் ஒடுங்கும். தொற்றின் முதல் ஆண்டிலேயே உலகெங்கும் பதகளிப்பும் மனச்சோர்வும் சுமார் 25 சதவீதம் கூடின என்றும், இளையோரும் பெண்களும் அதிகம் பாதிக்கப்பட்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022 இல் தெரிவித்தது.

ஆற்றும் வழிக்கு மட்டக்களப்பிலேயே முன்மாதிரி உண்டு. போர்க்காலத்தில், 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாகக் களிமண் பிசைந்தனர், வரைந்தனர், கதை கட்டினர், நாடகம் ஆடினர். நடந்ததைச் சொல் என்று அங்கே யாரும் வற்புறுத்தியதில்லை. கைக்கு வேலையும் பக்கத்தில் துணையும் இருந்தால் பேச்சு தானாக வரும் என்பதே அதன் அடிப்படை.

பாடசாலை மீளத் திறக்கும்போதும் இதே ஒழுங்கு பொருந்தும். விடுபட்ட பாடத்திட்டத்தை விரட்டி முடிப்பதற்கு முன், முதல் சில வாரங்களில் விளையாட்டுக்கும் சங்கீதத்துக்கும் சித்திரத்துக்கும் நேரம் வேண்டும். வராத பிள்ளையைத் தேடி ஆசிரியர் வீட்டுக்குப் போகவேண்டும். தூக்கமின்மையும் ஒதுங்கலும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் உளவளத்துணை ஆசிரியரையோ வைத்தியசாலை உளநலப் பிரிவையோ நாடலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மறுபடி ஒரு தொற்று வந்து கதவுகளை மூடவேண்டி வந்தாலும், ஒவ்வொரு பிள்ளையோடும் கிழமைக்கு ஒருமுறையாவது பேசும் ஓர் ஆசிரியர் இருப்பாரானால், பாடசாலையின் முக்கியமான பணி நிற்காது.