நம்ம எம்.பி. எந்தப் பக்கம் இருந்தார்?

ஜலகண்டாபுரத்தில் எங்கள் தெரு தறிச் சத்தத்தோடுதான் விடியும். கரண்ட் போனால் மட்டும்தான் ஊர் அமைதியாகும், அப்போதுதான் ஆட்கள் திண்ணைக்கு வந்து பேசுவார்கள். அப்படி ஒரு கரண்ட் போன மத்தியானத்தில், பக்கத்து வீட்டுப் பெரியப்பாவிடம் நான் லேப்டாப்பில் செய்து வைத்திருந்த ஒரு அட்டவணையைக் காட்டினேன். சேலம் தொகுதியின் எம்.பி.க்கள் கடந்த சில மக்களவைகளில் எத்தனை நாள் அவைக்குப் போனார்கள், எத்தனை கேள்வி கேட்டார்கள், எத்தனை விவாதத்தில் பேசினார்கள், தொகுதி நிதியை எதற்குக் கொடுத்தார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு நிறுவனம் 2005இல் இருந்து இயங்குகிறது. நாடாளுமன்றத் தளங்களில் இருப்பதை அவர்கள் ஒவ்வொரு உறுப்பினர் பெயரிலும் திரட்டித் தருகிறார்கள். அதைத்தான் நான் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி கண்ணு. துணிக்கு வரி போட்டாங்கல்ல, அன்னிக்கு நம்ம எம்.பி. எந்தப் பக்கம் கை தூக்குனாரு?" என்றார்.

அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. கட்டம் போடாமல் விட்டது என் கவனக்குறைவு என்றுதான் முதலில் நினைத்தேன். தேடத் தேடத்தான் விஷயம் வேறு என்று புரிந்தது.

ஜி.எஸ்.டி.க்கான அரசியல் சட்டத் திருத்தம் 2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. ஆதரவு 203, எதிர்ப்பு 0. ஐந்து நாள் கழித்து மக்களவையில் ஆதரவு 443, எதிர்ப்பு 0. இந்த எண்களை மட்டும் பார்க்கிறவர் இந்தியா முழுவதும் ஒரே மனதாக இருந்தது என்றுதான் நினைப்பார். உண்மையில் தமிழ்நாட்டின் ஆளுங்கட்சியாக இருந்த அதிமுக அந்த மசோதாவைக் கடுமையாக எதிர்த்தது. உற்பத்தி மாநிலமான தமிழ்நாட்டுக்கு வருவாய் போகும், மாநிலத்தின் வரி உரிமை போகும் என்பது அவர்கள் வாதம். எதிர்த்துப் பேசினார்கள். வாக்கெடுப்பு வந்தபோது இரண்டு அவைகளிலும் வெளிநடப்பு செய்தார்கள். சேலம் தொகுதியும் அப்போது அந்தக் கட்சியிடம்தான் இருந்தது.

அதாவது, அதிகம் எதிர்த்தவர்களின் எதிர்ப்பு அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. வாக்குப் பட்டியலைப் பொறுத்தவரை கோபமாக எழுந்து போனவரும், அன்று டெல்லிக்கே வராமல் வீட்டில் தூங்கியவரும் ஒன்றுதான். இரண்டு பேரும் 'இல்லை'.

வெளிநடப்பு என்பதை நாம் பழகிவிட்டோம், அது ஒரு வீரமான காரியம் மாதிரி செய்தியில் வரும். ஆனால் அது பொறுப்பு ஏற்கும் விதமா, பொறுப்பில் இருந்து நழுவும் விதமா? 'நான் இந்த ஆட்டத்திலேயே இல்லை' என்று சொல்வது சில சமயம் மறுப்பு. சில சமயம், பின்னால் யார் கேட்டாலும் ஒரு பதில் கையில் இருக்கட்டும் என்ற ஏற்பாடு. வெளியே இருந்து பார்க்கும் நமக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை.

இது பெயராவது தெரிந்துகொள்ள வாய்ப்புள்ள வாக்கெடுப்பு. அரசியல் சட்டத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பதால் எண்ணியே ஆக வேண்டும். சாதாரண மசோதாக்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 'ஆதரிப்பவர்கள் ஆம் என்க' என்பார் அவைத்தலைவர். ஒரு சத்தம் எழும். 'எதிர்ப்பவர்கள் இல்லை என்க' என்பார். இன்னொரு சத்தம் எழும். எது பெரிய சத்தம் என்று அவரே சொல்வார், மசோதா நிறைவேறிவிடும். யாராவது எழுந்து பிரிவு வாக்கெடுப்பு கேட்டால்தான் பெயர் பதிவாகும். நம் நாட்டில் பெரும்பாலான சட்டங்கள் இப்படிக் குரல் வாக்கெடுப்பில்தான் பிறக்கின்றன.

2020 செப்டம்பர் 20 ஞாபகம் இருக்கலாம். வேளாண் சட்டங்கள் மாநிலங்களவைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை. திருச்சி சிவா உட்பட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பிரிவு வாக்கெடுப்பு கேட்டார்கள், கிடைக்கவில்லை. அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதே விவாதத்தில் அதிமுகவின் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியம் மசோதாக்களை விமர்சித்துப் பேசினார், கட்சியின் நிலைப்பாடோ ஆதரவு. வாக்கு எண்ணப்பட்டிருந்தால் அவர் எந்தப் பக்கம் நின்றிருப்பார்? தெரிந்துகொள்ளவே முடியாது. ஒரு வருஷத்துக்கு மேல் விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்திருந்தார்கள். 2021 நவம்பரில் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. மாநிலங்களவையில் அவற்றைக் கொண்டுவந்த கைகள் யாருடையவை என்பதற்கு மட்டும் பெயர்ப் பட்டியல் இல்லை.

சரி, எல்லா வாக்குக்கும் பெயர் பதிவாகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன தெரியும்?

1985இல் வந்த 52ஆவது திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்கிறோமே, அதுதான். கட்சியின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ, கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போகும். ஆட்சியைக் கவிழ்க்க எம்.எல்.ஏ., எம்.பி.க்களை விலைக்கு வாங்கிய காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றுக்கு மட்டும் இந்தத் தண்டனை போதும் என்று 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு சொன்னது. யாரும் கேட்கவில்லை. விளைவு, உறுப்பினரின் வாக்கு உறுப்பினருடையது இல்லை. கொறடாவுடையது.

எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால் இது ஜக்கார்டு தறி. சேலையில் மாங்காய் வருமா, மயில் வருமா என்பதை நெய்கிறவர் தீர்மானிப்பதில்லை. மேலே தொங்கும் அட்டையில் குத்திய ஓட்டைகள் தீர்மானிக்கும். டிசைன் பிடிக்கவில்லை என்று நெய்கிறவரைத் திட்டினால் "அட்டையைக் கேளுங்க" என்பார். நியாயமான பதில்தான். செய்யாமல் இருக்க வழியில்லாத ஒன்றுக்காக ஒருவரைக் குற்றம் சொல்லக் கூடாது என்பது ஒழுக்கவியலின் பாலபாடம்.

1774இல் எட்மண்ட் பர்க் பிரிஸ்டல் வாக்காளர்களிடம், பிரதிநிதி உங்களுக்குத் தர வேண்டியது உழைப்பை மட்டுமல்ல, சொந்த அறிவின் தீர்ப்பையும்தான் என்று வாதாடினார். ஆறு வருஷம் கழித்து, அந்த ஊரில் இனி ஜெயிக்க முடியாது என்று தெரிந்து போட்டியிலிருந்து விலகினார். பிரதிநிதி தன் புத்தியைக் கேட்பதா, தொகுதியைக் கேட்பதா என்பது அவர் காலத்துச் சண்டை. நாம் அந்தச் சண்டையையே தாண்டிவிட்டோம். இங்கே புத்தியும் வேண்டாம், தொகுதியும் வேண்டாம், கட்சித் தலைமை போதும்.

இதைச் சொன்னபோது பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அட்டை சொல்லுச்சுன்னு நெய்யறது வேற கண்ணு. இந்தப் பாவே எனக்கு வேண்டாம்னு திருப்பிக் குடுக்கலாம்ல? குடுத்தா கூலி போகும், அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்' என்னை ரொம்ப நாள் படுத்தியது. முடியாது என்பதும், முடியும் ஆனால் விலை இருக்கிறது என்பதும் ஒன்று இல்லை. முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய நெசவாளி பாவைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பதவி போனாலும் பென்ஷன் வரக்கூடிய ஒருவருக்கும் அதே சலுகையைத் தர முடியுமா? விலை எவ்வளவு, அதைத் தாங்கும் சக்தி எவ்வளவு, எதிரே பணயம் வைக்கப்பட்டது எவ்வளவு என்பதைச் சேர்த்துப் பார்த்துத்தான் பொறுப்பை அளக்க வேண்டியிருக்கிறது.

2019 டிசம்பர் 11. குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125க்கு 105 என்று நிறைவேறியது. அதிமுகவின் 11 உறுப்பினர்களும் ஆதரித்தார்கள். அந்த 11 பேர் மட்டும் மாற்றி வாக்களித்திருந்தால் கணக்கு 114க்கு 116. அன்றைக்கு மசோதா தோற்றிருக்கும். முதல்வராக இருந்தவர் எங்களுக்குப் பக்கத்து ஊரான எடப்பாடிக்காரர். இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 'கட்சி முடிவு' என்ற பதில் அந்த 11 பேரில் ஒவ்வொருவரையும் முழுசாக விடுவித்துவிடுமா? விடுவிக்காது என்றே நினைக்கிறேன். முழுப் பழியும் அவர்கள் மேல் என்றும் சொல்ல முடியாது. பழியில் அவர்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது, அந்தப் பங்குக்கு ஒரு பெயர் இருக்கிறது.

இது ஒரு கட்சியின் கதை மட்டும் இல்லை. 2002 மார்ச் 26 அன்று பொடா சட்டம் நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் 425க்கு 296 என்று நிறைவேறியபோது திமுகவும் மதிமுகவும் ஆளும் கூட்டணியில்தான் இருந்தன. அந்த ஜூலையிலேயே வைகோ அதே பொடாவில் கைதானார். தன் பக்கம் ஆதரித்த சட்டம் தன் கதவையே தட்டியதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது.

வாக்கு இப்படியென்றால், மீதி எண்கள் ஆளைக் காட்டுமா? வருகைப் பதிவேடு கையெழுத்தைக் காட்டும், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்பதைக் காட்டாது. அமைச்சர்கள் அதில் கையெழுத்துப் போடுவதே இல்லை. கேள்விகளின் எண்ணிக்கை? 2005 டிசம்பரில் காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதற்காக 11 எம்.பி.க்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதற்கு முந்தைய மாதம் வரை அந்தக் கேள்விகளும் எண்ணிக்கையில் 'செயல்பாடு' என்றுதான் இருந்திருக்கும். மறுபக்கம், திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. பல பத்தாண்டுகளில் ஏதாவது ஒரு அவையைத் தாண்டிய முதல் தனிநபர் மசோதா அது. மக்களவையைத் தாண்டவில்லை, ஆனாலும் நாடு அதைப் பேச வேண்டி வந்தது. என் அட்டவணையில் போட்டால் அது வெறும் 'ஒன்று'.

இதோடு நிறுத்தியிருந்தால், 'எண்ணுவதே வீண்' என்று முடித்திருப்பேன். முடிக்க முடியவில்லை. காரணம் கொறடா. எந்த உறுப்பினர் வந்தார், எவர் நழுவினார் என்பது கொறடாவுக்கு எப்போதும் தெரியும். தலைமைக்குத் தெரியும். காரியம் ஆக வேண்டிய கம்பெனிகளும் எப்படியாவது தெரிந்துகொள்ளும். தெரியாமல் இருப்பது வாக்களித்தவருக்கு மட்டும்தான். நம் வாக்கு ரகசியமாக இருப்பது நம்மைப் பலசாலிகளிடமிருந்து காப்பாற்ற. அவர்கள் வாக்கு சத்தத்தில் கரைந்துபோவது யாரை யாரிடமிருந்து காப்பாற்றுகிறது?

ஆகவே ஒவ்வொரு மசோதாவின் கடைசி வாக்கெடுப்பும் பெயரோடு பதிவாக வேண்டும். முடிவு முன்பே தெரிந்ததுதான், எல்லாரும் கட்சி சொன்னபடிதான் அழுத்துவார்கள், தெரியும். இருந்தாலும் வேண்டும். கீழ்ப்படிந்தேன் என்றால் கீழ்ப்படிந்ததற்குக் கீழே கையெழுத்து இருக்கட்டும். வெளிநடப்பும் 'இல்லை' என்று இல்லாமல் 'வெளிநடப்பு' என்றே பதியட்டும்.

அந்தப் பதிவை நாம் மார்க் ஷீட் மாதிரி படிக்கக் கூடாது. மார்க் போட்டால் பேச்சு முடிந்துவிடும். மளிகைக் கடை நோட்டு மாதிரி படிக்கலாம். நோட்டில் எழுதியிருப்பது தீர்ப்பு இல்லை, 'இது என்னாச்சு' என்று கேட்பதற்கான பிடி. ஓட்டு கேட்டு வரும்போது ஒரு வரியைக் காட்டிக் கேட்கலாம். அவர் சொல்லும் காரணம் நமக்கே சரியாகப் படலாம்.

நம் பங்கும் அதே நோட்டில் இருக்கிறது. இந்த ஊரில் சின்னத்தைப் பார்த்துத்தான் குத்துகிறோம். அட்டையைத் தேர்ந்தெடுத்துவிட்டு நெய்கிறவரை மட்டும் கேள்வி கேட்பது பாதி நியாயம்தான்.

அட்டவணையில் இப்போது ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். '2016 ஆகஸ்ட் 8, ஜி.எஸ்.டி.: கட்சி வெளிநடப்பு' என்று எழுதி பெரியப்பாவிடம் காட்டினேன். துணிக்கு 5 சதவீதம் வந்தது 2017 ஜூலையில் என்றும், இப்போது விகிதத்தை முடிவு செய்வது நாடாளுமன்றம் இல்லை, ஜி.எஸ்.டி. கவுன்சில் என்றும் சொன்னேன்.

"அப்ப அங்க யாரு நம்ம ஆளு?"

"மாநில நிதியமைச்சருங்க பெரியப்பா."

"அவரு எந்தப் பக்கம்னு எழுதியிருக்கியா?"

கரண்ட் வந்துவிட்டது. அவர் எழுந்து போனார். நான் இன்னொரு கட்டம் போட்டேன். அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.