நாலு கிலோமீட்டர் சாப்பாடு

வண்டிகளுக்கு வழி போட்டுக் கொடுக்கும் நிரல் எழுதுவது என் வேலை. கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் கிடங்கையும் சேர்த்து 15 இடங்கள், ஒரே ஒரு வண்டி என்றாலே 4,358 கோடிக்கு மேல் சுற்றுகள் உண்டு. 1959-ல் ஜார்ஜ் டான்ட்ஸிக்கும் ஜான் ராம்ஸரும் பெட்ரோல் லாரிகளைப் பங்குகளுக்கு அனுப்புவது பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த துறை இது. அவர்கள் குறைக்கப் பார்த்தது தூரத்தை. லாரி ஓட்டுபவர் அந்தக் கணக்கில் இல்லை.

என் கணக்கில் இருந்தார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. மதியம் 1 மணியிலிருந்து 2-க்குள் சாப்பாடு என்று 'சாஃப்ட் கன்ஸ்ட்ரெயின்ட்' வைத்திருந்தேன். அதாவது மீறலாம், மீறினால் அபராதம். ஒரு கிலோமீட்டருக்கு 10 புள்ளி, சாப்பாடு தள்ளிப்போனால் 40. ஏன் 40? 10 வைத்தால் யாருக்குமே நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, 100 வைத்தால் தூரம் கூடியது, 40-ல் வரைபடம் அழகாக வந்தது. அவ்வளவுதான். டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஒருநாள் டெலிவரி வண்டியில் கூடவே போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே இறங்கி வந்து மொபைலைப் பார்த்த அண்ணன், "மேப்புல மாடி தெரியாதுல்ல சார்" என்றார். புகாராகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மணி 3.50.

"தினமும் இப்படியாண்ணா?"

"சிஸ்டம் போடுறதுதானே சார்."

வீட்டுக்கு வந்து கோடைத் திறந்தேன். அபராதம் ஒரேயொரு முறைதான். 2 மணியைத் தாண்டிவிட்டால் 2.05-ம் ஒன்றுதான், 3.50-ம் ஒன்றுதான். நாலு கிலோமீட்டருக்கு மேல் மிச்சமாகிறதா, பிறகு அவர் எப்போது சாப்பிட்டால் என்ன என்று நான்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரம் 2017-ல் பள்ளிப் பேருந்துகளுக்கு எம்ஐடி ஆய்வாளர்களின் அல்காரிதத்தைப் பயன்படுத்தி சுமார் 50 பேருந்துகளைக் குறைத்தது. அடுத்து அதே கணக்கு பள்ளி தொடங்கும் நேரத்துக்கும் வந்தது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது: பெரிய வகுப்புப் பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கட்டும் என்பது. ஆனால் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட பள்ளிகளின் நேரம் மாறும், சில சின்னப் பிள்ளைகளுக்கு 7.15-க்கே மணி அடிக்கும் என்றதும் பெற்றோர் கொதித்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளையை யாரிடம் விடுவது? சில வாரங்களில் திட்டம் கைவிடப்பட்டது.

இதைப் படித்தபோது அந்தக் கணக்கின் நியாய அநியாயத்தைவிட, அவர்களால் சத்தம் போட முடிந்தது என்பதுதான் என்னை உறுத்தியது. அண்ணனுக்கு எந்தக் கூட்டமும் இல்லை. 40 என்ற எண் இருப்பதே அவருக்குத் தெரியாது.

சாப்பாட்டு நேரத்தை மீறவே கூடாத விதியாக மாற்றி ஓட்டிப் பார்த்தேன். இன்னொரு வண்டி கேட்டது. "அதுக்கு யாருப்பா காசு குடுப்பா?" என்றார் மேனேஜர். நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை. கடைசியில் நிமிடத்துக்கு இத்தனை புள்ளி என்று அபராதத்தை மாற்றினேன். இப்போது அண்ணன் பெரும்பாலும் இரண்டரைக்குள் சாப்பிட்டுவிடுகிறார்.

நிமிடத்துக்கு 3 என்று வைத்திருக்கிறேன். இதையும் அவரிடம் கேட்கவில்லை.