மூச்சுத் திணறலும் நோன்பும்: கஷ்டப்பட்டால்தான் இபாதத்தா?

 



ரமளான் நெருங்குகிறது. ஒவ்வொரு வருஷமும் இந்த நாட்களில் ஒரு கேள்வி என்னிடம் வரும். "ஹஜ்ரத், பஃப் இழுத்தா நோன்பு முறியுமா? நெபுலைசர் வெச்சா முறியுமா?" அந்த மஸ்அலாவை இன்று சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ரமளானில், லுஹர் நேரம், நான் ஒளுச் செய்துகொண்டிருந்தேன். ஒரு வாலிபர் வந்தார். "அம்மாவுக்கு இளைப்பு, ஹஜ்ரத். பஃப் எடுத்தா முறியுமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றார். நான் "முறியும்" என்றேன். அந்த ஒரு வார்த்தையோடு அவர் போய்விட்டார். அந்தத் தாய் தாங்கிக்கொண்டார்கள். அஸர் நேரத்தில் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. மஃரிபுக்கு முன் உதடு நீலமாகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அல்லாஹ் உயிரைத் திருப்பித் தந்தான். நான் பார்க்கப் போனபோது, "அல்லாஹ்வுக்காகத்தானே ஹஜ்ரத் தாங்கினேன்? அந்தக் கஷ்டத்துக்கு நன்மை உண்டுதானே?" என்று கேட்டார்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை.

நான் சொன்ன மஸ்அலா நம் ஹனஃபி மத்ஹபின்படி சரிதான். ஆனால் கொடுத்த பதில் தவறு. "முறியும். ஆகவே உடனே முறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிறகு களாச் செய்யலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். பாதியைச் சொன்னேன். மீதிப் பாதியில்தான் அந்த அம்மாவின் உயிர் இருந்தது.

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஒரு சம்பவம் உண்டு. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, சலுகை இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபப்பட்டார்கள். அவரைக் கொன்றது அவர்களே என்றார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா என்றார்கள். அந்தத் தோழர்கள் மார்க்கத்தை இலேசாக எடுக்கவில்லை. பேணுதல் என்று நினைத்தே சொன்னார்கள். அதுதான் நமக்குப் பயம் தர வேண்டியது.

இப்போது இந்த மருந்து என்ன செய்கிறது என்று பார்ப்போம். இளைப்பு நோயில் நுரையீரலின் சிறு குழாய்கள் சுருங்கி, வீங்கி, சளி கட்டுகின்றன. மாத்திரை விழுங்கினால் மருந்து உடம்பெல்லாம் சுற்றித்தான் அங்கே வர வேண்டும். சால்பியூட்டமால் மாத்திரையில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து. அதையே பஃப்பாக இழுத்தால் ஒரு தடவைக்கு 100 மைக்ரோகிராம், அதாவது 4 மில்லிகிராம் மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு. நேராக நோயுள்ள இடத்துக்கே போவதால் அவ்வளவே போதும்.

நெபுலைசர் மிஷினில், மருந்து கலந்த உப்பு நீரின் மேல் அழுத்தமான காற்று வேகமாகப் பாயும். நீர் மூடுபனி போல் சிதறும். 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள துளிகள்தான் நுரையீரலின் உள்ளே போகும். பெரியவை தொண்டையிலேயே படியும். வேகமாக இழுக்கத் தெரியாத குழந்தையும், இழுக்கத் தெம்பில்லாத முதியவரும் சும்மா மூச்சு விட்டாலே போதும். கையடக்கமான பஃப் 1956இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஒரு மருந்துக் கம்பெனி அதிகாரியின் 13 வயது மகள், தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரே போல என் ஆஸ்துமா மருந்தும் ஏன் வரக்கூடாது என்று கேட்டதில் பிறந்தது அது. ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதன் பொருள் இப்படித்தான் காலத்துக்குக் காலம் வெளிப்படுகிறது.

சரி, நோன்பு முறியுமா? பொருளுள்ள ஒன்றை வேண்டுமென்றே உள்ளே இழுத்தால் முறியும் என்பது ஹனஃபி சட்ட அடிப்படை. ஆகவே நம் பகுதி உலமாக்கள் பெரும்பாலும் முறியும் என்கிறார்கள். சவூதி அறிஞர்கள் இப்னு பாஸ் (ரஹ்), இப்னு உஸைமீன் (ரஹ்) போன்றோர் பஃப்பால் முறியாது என்றார்கள். அது உணவுமல்ல, குடிப்புமல்ல என்பது அவர்கள் வாதம். வாய் கொப்பளித்தபின் மிஞ்சும் ஈரத்தைவிட இது குறைவு என்றும் அந்தத் தரப்பில் சொல்வார்கள். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, ஆக்ஸிஜன் வாயுவால் முறியாது என்று தீர்மானித்தது. ஆஸ்துமா ஸ்ப்ரேயைப் பற்றிய முடிவை ஒத்திவைத்தது. பெரிய அறிஞர்களே நிதானித்த விஷயம் இது. நெபுலைசரில் உப்பு நீரே உள்ளே போவதால், அதில் முறியும் என்று வைத்துக்கொள்வதே பேணுதல்.

ஆனால் சகோதரர்களே, எந்தக் கருத்தை எடுத்தாலும் ஒரு விஷயத்தில் பேதமில்லை. மூச்சு முட்டுகிறவர் மருந்து எடுக்க வேண்டும். முறியாது என்பவர்கள் எடுத்துக்கொண்டு நோன்பைத் தொடரச் சொல்வார்கள். முறியும் என்பவர்கள் எடுத்துக்கொண்டு பிறகு களாச் செய்யச் சொல்வார்கள். நோய்க்காக முறித்தவர் மீது கஃப்பாரா இல்லை. எடுக்காமல் சாகச் சொல்பவர் யாருமில்லை. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் முறிக்காமலிருப்பது குற்றம் என்றே ஃபுகஹாக்கள் எழுதினார்கள்.

அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கஷ்டத்துக்கு நன்மை இல்லையா? உண்டு. இபாதத்தின் வழியில் தானாக வரும் கஷ்டத்துக்கு நன்மை உண்டு. குளிர்ந்த நீர்தான் இருக்கிறது, நடுங்கிக்கொண்டு ஒளுச் செய்கிறீர்கள்; கூலி உண்டு. வெந்நீர் பக்கத்தில் இருக்க, நன்மைக்காக அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. கஷ்டமே நோக்கமாக இருந்தால், ஸஹரைத் தாமதப்படுத்தவும் இஃப்தாரை விரைவுபடுத்தவும் நபி (ஸல்) அவர்கள் ஏன் சொன்னார்கள்? இரவும் பகலும் தொடர்ந்து நோற்பதை ஏன் தடுத்தார்கள்?

புகாரியில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் குத்பா ஓதும்போது ஒருவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். உட்கார மாட்டேன், நிழலுக்குப் போக மாட்டேன், பேச மாட்டேன், நோன்பு வைப்பேன் என்று நேர்ச்சை. அவரைப் பேசச் சொன்னார்கள், நிழலில் உட்காரச் சொன்னார்கள், நோன்பை மட்டும் முழுமையாக்கச் சொன்னார்கள். வேதனையைக் கழித்தார்கள், இபாதத்தை வைத்தார்கள். நோயாளிக்கு வேறு நாட்களைக் கொடுத்த அல்பகரா வசனத்திலும் அல்லாஹ் நமக்கு இலேசையே நாடுவதாகச் சொல்கிறான். அவன் கொடுத்ததை வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பது பக்தியாகாது. அந்த அம்மாவின் நிய்யத்துக்கு அல்லாஹ் கூலி தருவான் என்று ஆதரவு வைக்கிறேன். அவர்களை அங்கே தள்ளிய என் அவசரத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

இதைச் சாக்காக வைத்து இலேசான தலைவலிக்கு நோன்பை விடுவதும் கூடாது. தன் அனுபவமோ திறமையான டாக்டரின் சொல்லோ ஆபத்து என்று காட்ட வேண்டும். இளைப்பு உள்ளவர்கள் இப்போதே டாக்டரைப் பாருங்கள். வீக்கத்தைத் தடுக்கும் மருந்தைக் காலை, மாலை என்று இருவேளை கொடுத்திருந்தால், ஸஹரிலும் இஃப்தாரிலும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பலருக்கு அதிலேயே பகல் இலேசாகக் கடந்துவிடும். அவசர மருந்தைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். பேச்சுத் திணறினால், உதடு நீலமானால் 108க்கு அழையுங்கள். நீடித்த நோயாளிகள், குணமாகும் நம்பிக்கை இல்லாதவர்கள், ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்கு இருவேளை உணவு என ஃபித்யா கொடுங்கள்.

கடைசியாக, நமக்கு ஒரு வார்த்தை. வெங்காயம், பூண்டு வாசனையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று தடுத்த மார்க்கம் இது. நாமோ ஜும்ஆவுக்கு சாம்பிராணிப் புகையைப் போட்டுவிடுகிறோம். இளைப்புக்காரர் பின்வரிசையில் இருமுகிறார். இந்த ரமளானில் நம் பள்ளியில் புகை வேண்டாம் என்று ஜமாஅத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். விறகடுப்பில் வருஷக்கணக்காகப் புகையை விழுங்கி நமக்குச் சோறு போட்ட தாய்மார்கள், கள்வராயன் மலை ஊர்களிலும் நம் திருக்கோவிலூர்த் தெருக்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய மூச்சுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். பஃப் வைத்திருக்கும் பெண்ணை வரன் பேசும் இடத்தில் குறையாகப் பேசாதீர்கள். அது மருந்து, கண்ணாடி போடுவதைப் போல.

யா அல்லாஹ்! ஒவ்வொரு மூச்சும் உன் அமானிதம். நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. கேட்பவர்களுக்கு முழுப் பதிலைச் சொல்லும் தவ்ஃபீக்கை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.