கை அறிந்ததும் கணக்கு அறிந்ததும்

நோய் தீர்வதில் யார் யாருக்குப் பங்குண்டு என்ற கேள்விக்குத் திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர் என நான்கு கூறுகளை எண்ணிச் சொல்லி முடிகிறது. சரக சம்கிதையும் மருத்துவத்துக்கு இந்த நான்கையே பாதங்களாகக் கொண்டு, பணி செய்பவரிடம் அமைய வேண்டிய குணங்களாகப் பணிவிடை பற்றிய அறிவு, கைத்திறன், அன்பு, தூய்மை ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. அறிவு இந்த வரிசையில் முதலாவதாக வந்தாலும், அது எத்தகைய அறிவு, நோயரின் கட்டிலருகே காலப்போக்கில் கைவருவதா, நூல்களிலிருந்து கற்றுப் பெறுவதா, ஒன்று இருந்தால் மற்றது வேண்டாமா என்பவை அங்கே விரித்துரைக்கப்படவில்லை. அமெரிக்காவில் பத்து, இருபது ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, வேலையை விடாமலே இணையவழி இளநிலைப் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ளும் செவிலியர்களின் வாழ்வில் இந்தப் பழைய கேள்வி இன்று நேரடியாக எழுந்து நிற்கிறது.

அந்நாட்டில் செவிலியராவதற்கு இரு பெரு வழிகள் உள்ளன. ஒன்று, சமுதாயக் கல்லூரி எனப்படும் குறைந்த கட்டண உள்ளூர்க் கல்லூரியில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் பயின்று பெறும் இணைப் பட்டம். மற்றது, பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் பயின்று பெறும் இளநிலைப் பட்டம். இரு வழியில் வந்தவர்களும் எழுதுவது ஒரே உரிமத் தேர்வு, பெறுவது ஒரே உரிமம், பெரும்பாலும் செய்வதும் ஒரே வேலை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலவிய செவிலியர் பற்றாக்குறையைக் கருத்தில் கொண்டு, இரண்டாண்டுப் படிப்பைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியிலிருந்து வகுத்தளித்தவர் மில்ட்ரெட் மாண்டாக். 1952இல் தொடங்கிய அந்தச் சோதனை முயற்சியில், இரண்டாண்டு பயின்றவரைத் தொழில்நுட்பப் பணியாளராகவும், பட்டம் பெற்றவரைத் தனித்து முடிவெடுக்கும் தொழில்முறைச் செவிலியராகவும் பிரித்தறிவதே அவர் நோக்கமாக இருந்தது. நடைமுறையில் இருவருக்கும் ஒரே உரிமம் வழங்கப்பட்டதால் அந்தப் பிரிவு மறைந்தது. அன்று தீர்க்கப்படாத அந்தச் சிக்கலின் சுமையை இன்று தனித்தனிச் செவிலியர்கள் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்துச் சுமக்கிறார்கள்.

1965இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம், தொழில்முறைச் செவிலியப் பணிக்குள் நுழைவதற்கான குறைந்தபட்சத் தகுதி இளநிலைப் பட்டமே என்று அறிக்கை வெளியிட்டது. 2010இல் அந்நாட்டு மருத்துவக் கழகத்தின் குழு, 2020க்குள் செவிலியர்களில் நூற்றுக்கு 80 பேர் அப்பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த இலக்கு உரிய காலத்தில் எட்டப்படவில்லை. 2017 டிசம்பரில் நியூயார்க் மாநிலம், இனிப் புதிதாக உரிமம் பெறும் செவிலியர் பத்தாண்டுகளுக்குள் பட்டம் பெற்றாக வேண்டும் என்று சட்டம் இயற்றியது. பல மருத்துவமனைகள், சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தும், பணி நியமனத்தின்போது அதே நிபந்தனையைப் போடுகின்றன. ஆய்வு முறையியல், புள்ளியியல், சமுதாய நலம், தலைமைத்துவம், அறவியல் ஆகிய பாடங்களே பணியிலுள்ள செவிலியர் சேரும் இந்தப் பட்டப் படிப்பின் உடல். ஊசி போடவோ காயம் கட்டவோ அங்கே மீண்டும் கற்பிப்பதில்லை, ஏனெனில் அதைக் கற்றவர்தாம் மாணவராக வந்திருக்கிறார்.

இந்த நிபந்தனைக்கு எதிராகச் செவிலியர் சொல்லும் வாதத்தை மெய்யியல் எளிதில் தள்ளிவிட முடியாது. உலகின் மாறாத உண்மைகளை அறியும் அறிவையும், இந்த மனிதருக்கு இந்த வேளையில் செய்யத்தக்கது எது என்று தெரியும் நடைமுறை விவேகத்தையும் அரிஸ்டாட்டில் வெவ்வேறாகக் கொண்டார். பின்னது இளைஞரிடம் அமைவது அரிது, அதற்கு நீண்ட அனுபவம் தேவை என்றும் கருதினார். இருபதாம் நூற்றாண்டில் கில்பர்ட் ரைல், ஒன்றைச் செய்யத் தெரிவது என்பது அதைப் பற்றிய கூற்றுகளை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துப் பின்னர் நிறைவேற்றுவது அன்று என்று வாதிட்டார். மைக்கேல் போலானி, மனிதர் தாம் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருக்கிறார்கள் என்ற கருத்தை விரித்துரைத்தார். 1984இல் பாட்ரிசியா பென்னர், விமானிகளையும் சதுரங்க ஆட்டக்காரர்களையும் ஆராய்ந்து டிரைஃபஸ் சகோதரர்கள் உருவாக்கிய ஐந்து படிநிலைகளைச் செவிலியப் பணிக்குப் பொருத்திக் காட்டினார். அதன்படி புதியவர் விதியைப் பற்றிக்கொண்டு நடக்கிறார். தேர்ந்தவரோ நிலைமையை முழுமையாக ஒரே பார்வையில் உணர்ந்து செயல்படுகிறார்.

குடல் அறுவை முடிந்து இரண்டாம் இரவைக் கழிக்கும் ஒரு நோயரை எடுத்துக்கொண்டால் இந்தத் தேர்ச்சி எத்தகையது என்பது விளங்கும். இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, காய்ச்சலும் பெரிதாக இல்லை. ஆனால் நிமிடத்துக்கு 16 ஆக இருந்த மூச்சு 24 ஆகியிருக்கிறது, அவர் போர்வையை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறார், விரல் நுனிகள் சில்லிட்டிருக்கின்றன, சிறுநீர் சேகரிப்புப் பையில் சேர்ந்த அளவு முந்தைய மணி நேரத்தைவிடக் குறைந்திருக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வேறு காரணம் சொல்லிவிட முடியும். அனுபவம் மிக்க செவிலியர் இவற்றைச் சேர்த்துப் பார்த்து, தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுமீறிய எதிர்வினை உறுப்புகளைத் தாக்கத் தொடங்கும் செப்சிஸ் என்னும் நிலையை ஐயுற்று, அழுத்தம் சரிவதற்கு முன்பே மருத்துவரை அழைக்கிறார். இந்த அறிவை வியந்து பாராட்டுவதோடு நின்றுவிடாமல், அறிவு என்ற பெயருக்கே உரியதாக அதை மதிக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாத காரணத்தால் அதைத் திறமை என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது, கையால் உழைப்பவரின் சிந்தனையைச் சிந்தனையாகவே கருதாத பழைய வழக்கத்தின் தொடர்ச்சியாகும்.

ஆயினும் அருகிலிருந்து காணும் அறிவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தெளிவாகக் காட்டுவது புளோரன்ஸ் நைட்டிங்கேலின் வாழ்க்கையே. போர்க்காலத்தில், 1854 நவம்பரில், ஸ்குடாரியிலிருந்த பிரிட்டிஷ் இராணுவ மருத்துவமனைக்கு வந்த அவர், அந்தக் குளிர்காலம் முழுவதும் வீரர்கள் இறப்பதை அன்றாடம் அருகிலிருந்து கண்டார். அவரைவிட நெருக்கமாகவும் பரிவோடும் அவர்களைக் கவனித்தவர் அங்கே மிகச் சிலரே இருந்திருப்பர். அப்போது அவருக்குப் பெரிதாகத் தோன்றிய காரணங்கள் உணவுக் குறைவு, போர்வை இன்மை, பொருள்கள் வந்து சேராமை ஆகியவை. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு, கட்டடத்தின் அடியில் அடைபட்டிருந்த கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவு செய்து காற்றோட்டத்துக்கு வழி வகுத்த பின்னரே இறப்பு பெரிதும் குறைந்தது. அந்தக் குறைவின் முழுப் பொருளும், நாடு திரும்பிய பின் வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரோடு அமர்ந்து மாதவாரியாக இறப்புகளைக் கணக்கிட்டபோதுதான் நைட்டிங்கேலுக்குப் புலனாயிற்று என்று அவரை ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். போர்க்காயத்தைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களே மிகுதியான வீரர்களைக் கொன்றன என்பதை வண்ண வட்டப் படமாக வரைந்து 1858இல் அவர் வெளியிட்டார். கட்டிலருகே நின்ற கண்ணுக்குத் தெரியாத உண்மை கணக்கில் தெரிந்தது. அதற்குக் காரணம் கண்ணின் குறை அன்று, தனித்தனி முகங்களைப் பார்க்கும் பார்வைக்குக் கூட்டத்தின் போக்கு அகப்படாது என்பதே.

நைட்டிங்கேலைப் பொறுத்தவரை இது வெறும் முறையியல் அன்று, சமயம். கடவுள் உலகைத் தம் விருப்பப்படி அவ்வப்போது மாற்றாமல், மாறாத விதிகளின் வழியே நடத்துகிறார் என்றும், அவ்விதிகளைக் கண்டறிந்து அவற்றுக்கு ஏற்ப மனிதத் துன்பத்தைக் குறைப்பதே மனிதருக்கு இடப்பட்ட கடமை என்றும் அவர் நம்பினார். 1860இல் தனிச்சுற்றுக்காக அச்சிட்ட தம் சமய நூலில் இதை விரிவாக எழுதியும் உள்ளார். அந்த நோக்கில், இரவுப் பணி முடித்த செவிலியர் ஒருவர் புள்ளியியலின் திட்ட விலக்கத்தையும் நம்பிக்கை இடைவெளியையும் கற்க உட்காருவது, நோயருக்குத் தொடர்பில்லாத ஏட்டு வேலையாகாது. தாம் தொட்டுப் பார்த்திராத நோயர்களிடமும் பரிவு காட்டும் வழி அதுவே.

இவ்விடத்தில் 2003இல் லிண்டா ஐக்கனும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வைக் கவனத்தோடு படிக்க வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவை நோயர்களை ஆராய்ந்த அது, பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 விழுக்காட்டுப் புள்ளி கூடும்போது, சேர்க்கப்பட்ட 30 நாள்களுக்குள் நோயர் இறக்கும் வாய்ப்பு 5 விழுக்காடு குறைவாக இருந்ததாகக் கண்டது. செவிலியரின் சராசரி அனுபவ ஆண்டுகளுக்கோ அத்தகைய தனித்த தொடர்பு தென்படவில்லை. நீண்ட காலம் பணியாற்றியவர்களுக்கு மனம் நோகச் செய்யும் முடிவுதான் இது. ஆனால் அந்த ஆய்வு பேசுவது மருத்துவமனைகளைப் பற்றி. மூச்சின் வேகத்தைக் கண்டு மருத்துவரை அழைத்த அந்த ஒரு செவிலியரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. மேலும் தொடர்பு என்பதும் காரணம் என்பதும் ஒன்றல்ல. கூட்டத்தைப் பற்றிய உண்மையைத் தனியொருவர் மீது தீர்ப்பாக ஏற்றுவது தருக்கப் பிழை. செவிலியர் பயிலும் அந்தப் பட்டப் படிப்பின் புள்ளியியல் வகுப்பு முதல் மாதத்திலேயே எச்சரிக்கும் பிழையும் அதுவே.

கல்வியின் பயன் என்ன என்ற கேள்விக்கு வேறொரு திசையிலிருந்து விடை தந்தவர் பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வேய். 1942இல் அவர் எழுதி, மறைவுக்குப் பின் 1950இல் நூலாக வெளிவந்த தொகுப்பில் இடம்பெற்ற கட்டுரை ஒன்று, பள்ளிப் பாடங்களின் உண்மையான பயன் அவற்றின் பொருளில் இல்லை, அவை வளர்க்கும் கவனத்தில் இருக்கிறது என்று வாதிடுகிறது. கவனம் என்று வேய் குறிப்பது புருவத்தை நெரித்துக்கொண்டு முயல்வதை அன்று. தன் எண்ணங்களைச் சற்றே ஒதுக்கி வைத்து, எதிரில் இருப்பது உள்ளபடியே வந்து சேரக் காத்திருக்கும் மனநிலையை. வடிவியல் கணக்கோடு போராடித் தோற்ற மாணவரிடத்திலும் அந்த ஆற்றல் சிறிது வளர்ந்திருக்கும். பின்னொரு நாள் துன்புறும் ஒருவரிடம், உமக்கு என்ன நேர்கிறது என்று உண்மையாகவே கேட்கும் திறனாக அது வெளிப்படும். வழிபாட்டுக்கும் அயலார் அன்புக்கும் மூலப்பொருள் ஒன்றே, அது கவனமே என்பது அவர் கொள்கை. போர்முனைக்கே சென்று காயமுற்றோருக்கு முதலுதவி செய்யும் செவிலியர் அணி ஒன்றை அமைக்க அவரே திட்டம் தீட்டியிருந்தார் என்பதால், செவிலியரைப் பற்றி அவர் சிந்தனையை நீட்டிப் பார்ப்பது வலிந்து பொருத்துவதாகாது.

வேயின் கொள்கை சரியென்றால், கட்டிலருகில் தேர்ந்த செவிலியர் படிப்புக்குத் தகுதியற்றவராக வருவதில்லை. கல்வி எதை வளர்க்க விரும்புகிறதோ அதை ஏற்கெனவே பயின்றவராகவே வருகிறார். ஆனால் அதே வேய், புருவத்தை நெரித்துக்கொண்டு படிக்கும் மூன்று மணி நேரத்தைவிடக் களைப்பில்லாத இருபது நிமிடக் கவனமே மேல் என்றும் வற்புறுத்தினார். 1934-35இல் தொழிற்சாலைகளில் தொழிலாளியாக வேலை செய்தபோது, உடற்சோர்வு சிந்தனையையே அணைத்துவிடுவதைத் தம்மிடமே கண்டவர் அவர். மாலை ஏழு முதல் காலை ஏழு வரை பன்னிரண்டு மணி நேரப் பணி முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, விவாதப் பலகையில் வாரத்துக்குரிய பதிவையும் சக மாணவர் இருவருக்கான மறுமொழியையும் கெடு முடிவதற்குள் எழுதி, மேற்கோள் குறிப்புகளில் புள்ளிகளும் காற்புள்ளிகளும் விதிப்படி விழுந்துள்ளனவா என்று சரிபார்க்கும் செவிலியரிடம் எஞ்சியிருப்பது எவ்வகைக் கவனம் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. எந்த நேரத்திலும் படிக்கலாம் என்பதே இணையவழிக் கல்வியின் பெருமை. ஆனால் அதற்கென்று ஒரு நேரம் வகுக்கப்படாதபோது, உறக்கத்திலிருந்தும் குடும்பத்திலிருந்தும், இறுதியில் நோயரிடமிருந்தும்தான் அந்த நேரம் எடுக்கப்படுகிறது.

மருத்துவமனைகள் உதவாமல் இல்லை. பணியாளரின் கல்விச் செலவுக்காக முதலாளி தரும் தொகையில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரிவிலக்கு உண்டு. பல மருத்துவமனைகள் அவ்வாறு கட்டணத்தைத் திருப்பித் தந்து, பதிலுக்குச் சில ஆண்டுகள் அங்கேயே பணியாற்ற வேண்டுமென்று ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. திரும்பக் கிடைப்பது பணம் மட்டுமே, நேரம் அன்று. ஐக்கன் குழுவினர் 2002இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, செவிலியர் ஒருவருக்குக் கூடுதலாக ஒரு நோயர் ஒதுக்கப்படும்போது நோயர் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்வதைச் சுட்டியது. பட்டத்தைப் பற்றிய முடிவைப் பணி நிபந்தனையாக்குவதில் காட்டப்பட்ட வேகம், சுமையைப் பற்றிய முடிவில் காட்டப்படவில்லை. 2004இல் செவிலியர்-நோயர் விகிதத்தைச் சட்டமாகவே நடைமுறைக்குக் கொண்டுவந்த கலிஃபோர்னியா இதில் ஒரு விதிவிலக்கு. முதல் முடிவின் செலவைச் செவிலியர் ஏற்கிறார், இரண்டாவதன் செலவை நிறுவனம் ஏற்க வேண்டியிருக்கும் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணமாகலாம். கவனம் அறத்தின் மூலப்பொருள் என்றால், அதைக் கல்வியின் பெயரால் கோரிக்கொண்டே பணியின் பெயரால் தீர்த்துவிடுவது நிர்வாகக் குறை மட்டுமன்று, அறப் பிழையும் ஆகும்.

இரு அறிவுகளும் உண்மையில் சந்திக்கும் இடம் இந்தப் படிப்பின் இறுதியில் வருகிறது. பல பல்கலைக்கழகங்கள் மாணவரைத் தம் சொந்தப் பணிப்பிரிவையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன: படுக்கைப் புண்கள் எந்தக் கட்டில்களில் மிகுதி, நோயர் தடுக்கி விழுவது எந்த மணி நேரத்தில் கூடுகிறது, சிறுநீர்க் குழாய் தேவைக்கு மேல் எத்தனை நாள் வைக்கப்படுகிறது என்பன போன்ற கேள்விகள் அங்கே எழுகின்றன. எந்தக் கேள்வி கேட்கத்தக்கது என்பது இருபதாண்டு பணி செய்தவருக்குத் தெரியும்; அதற்கு விடை காணும் முறையைப் படிப்பு தருகிறது. பணிமாற்ற வேளையில் விழுதல்கள் கூடுகின்றன என்று நெடுங்காலமாக உள்ளூர உணர்ந்திருந்தவரால், ஆறு மாதப் பதிவேட்டை நிரல்படுத்தி அதை மெய்ப்பிக்கவோ, தம் உணர்வு தவறென்று கண்டு திருத்திக்கொள்ளவோ முடிகிறது. அந்தப் பதிவேட்டைப் புரட்டும் மணி நேரங்கள் மருத்துவமனையின் நோயர்களுக்காகவே செலவாகின்றன என்பதால், அவற்றைப் பணி நேரமாகவே கணக்கிட்டு, அந்நேரத்துக்கு அவருடைய நோயர்களைக் கவனிக்க மற்றொரு செவிலியரைப் பணிப்பட்டியலில் சேர்ப்பது, பட்டத்தை நிபந்தனையாக்கும் மருத்துவமனை அந்தச் செவிலியருக்குப் பட்டிருக்கும் கடன்.